மூட்டை கட்டுவதற்கு முன்

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. 2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. முற்பகல் 11:56 மணிக்கு, கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் கிராமத்தை ஒட்டி 7.8 அளவில் நிலம் குலுங்கியபோது பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஆயிரக்கணக்கில் இடிந்து சரிந்த அந்தக் கட்டடங்களுக்குள் பிள்ளைகள் இல்லாமல் போனதற்குக் கிழமை ஒன்றுதான் காரணம். அப்படியும் சாவு எண்ணிக்கை 9,000ஐ நெருங்கியது. காயம்பட்டவர்கள் 22,000 பேருக்கு மேல். தரைமட்டமான வீடுகள் சுமார் ஐந்து லட்சம். மே 12ஆம் தேதி 7.3 அளவில் இன்னொரு அடி விழுந்தது. முதல் குலுக்கலில் விரிசலோடு தப்பி நின்ற சுவர்களை அது சாய்த்துவிட்டுப் போனது.

நம் ஊரில் அது முழுப் பரீட்சை முடிந்த நேரம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். கோரக்பூர் வரை ரயிலில் போய், சுனௌலியில் எல்லையை நடந்தே தாண்டலாம். தொலைக்காட்சியில் இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட எத்தனையோ வீடுகளில் ‘நாமும் போய் ஏதாவது செய்யக் கூடாதா’ என்ற பேச்சு எழுந்திருக்கும். பிள்ளைகளும் நாலு விஷயம் தெரிந்துகொள்வார்களே என்று அப்பாவோ அம்மாவோ சொல்லியிருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த முதல் சில வாரங்களில் கிளம்பாமல் இருப்பதுதான் ஒரு குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி என்பது என் கட்சி.

காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்துக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. நிலநடுக்கம் நடந்த சில மணி நேரத்தில் இந்திய விமானப்படையின் விமானங்கள் மீட்புப் படையினரோடு அங்கே இறங்கத் தொடங்கிவிட்டன. அடுத்தடுத்து உலகமே வந்து குவிந்தது. இறங்க இடமில்லாமல் விமானங்கள் வானில் வட்டமடித்தன. சில டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் திரும்பின. பாரம் தாங்காமல் ஓடுபாதை சேதமாகி, மே மாதத் தொடக்கத்தில் பெரிய விமானங்களுக்குத் தடை வந்தது. உள்ளே வந்த சரக்கு சுங்கத்தில் தேங்கியது. பல நாடுகளிலிருந்து மோப்ப நாயும் கருவியுமாக வந்த தேர்ச்சி பெற்ற குழுக்கள் எல்லாம் சேர்ந்து உயிரோடு மீட்டது இருபது பேரைக்கூடத் தாண்டவில்லை. மற்றவர்களையெல்லாம் இழுத்துப்போட்டது பக்கத்து வீட்டுக்காரர்களும் நேபாள ராணுவமும் போலீசும்தான். நிலநடுக்கம் நடந்த பத்தாம் நாளே வெளிநாட்டு மீட்புக் குழுக்களைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டது நேபாள அரசு. தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், முதலுதவிப் பெட்டியும் பிஸ்கட் பாக்கெட்டுமாகப் போய் நிற்கும் நாலு பேர் கொண்ட குடும்பம் என்ன செய்யும்? குடிதண்ணீரிலும் அரிசியிலும் பங்கு கேட்கும். ஜீப்பில் நாலு இருக்கையை அடைக்கும்.

வெறுங்கையோடு போகாமல் பழைய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். அதன் கதை நமக்கே தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலைமலையாகக் கிடந்த உடைகளை மறந்துவிட முடியுமா? கடலோர மக்கள் அவற்றைத் தொடக்கூட இல்லை. அடுத்தவர் உடுத்திய துணியை வாங்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? கடைசியில் அந்தக் குவியலை அப்புறப்படுத்துவது தனி வேலையானது.

சரி, எப்போது போகலாம்? கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு. நேபாளத்தில் ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை விடாது. நிலநடுக்கத்தில் இளகிய மலைகள் அந்த மழையில் பாதைகளின்மேல் சரிந்தன. அதனால் அக்டோபருக்கு முன்னால் மலைக் கிராமங்களில் வெளியாட்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் இன்னொரு இடி. தெற்கு எல்லையில் சரக்கு லாரிகள் நின்றுபோயின. தெற்குச் சமவெளியில் வாழும் மதேசி மக்களின் போராட்டம்தான் காரணம் என்றது இந்தியா. இந்தியாவின் மறைமுக முற்றுகை என்றது காத்மாண்டு. யார் சொன்னது சரியோ, சமையல் வாயு இல்லாமல் விறகடுப்பு மூட்டியவர்களுக்கும், கூரை போடத் தகரம் வராமல் தார்ப்பாய்க்குக் கீழே குளிரைக் கழித்தவர்களுக்கும் கோபம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குளிர்காலத்தில் உதவப் போன இந்தியர் யாராக இருந்தாலும் அதையும் கொஞ்சம் சுமக்க வேண்டியிருந்தது.

அப்படித் தாமதமாகப் போகிறவர்களுக்கு என்ன வேலை? சாமான் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதல்ல, வீடு பிரிப்பது. சிந்துபால்சோக், நுவாகோட் மாவட்ட மலைகளில் பழைய வீடு என்பது கல்லை மண் குழைத்து அடுக்கிய ஒன்றரை அடிக் கனச் சுவர். சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது. கீழே அடுப்பும் படுக்கையும், மேலே தானியம். நிலம் குலுங்கும்போது கல்லும் மண்ணும் பிரிந்து சுவர் வெளிப்பக்கமாகக் கொட்டும். மாடியும் கூரையும் அதன்மேல் உட்காரும். அந்தக் குவியலை யந்திரம் வைத்து வாரித் தள்ளினால் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் வீட்டுக்காரருக்கு அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் வேண்டும். மக்காச்சோளமும் கேழ்வரகும் வேண்டும். செம்பு அண்டா வேண்டும். எல்லாவற்றையும் விட, ‘லால்புர்ஜா’ எனப்படும் நிலப்பத்திரம் வேண்டும். அரசு உதவிப் பணத்துக்கு மனு போடும்போது நிலம் யாருடையது என்று கேட்பார்களே. நிலைக்கதவும் உத்தரமும் உடையாமல் வர வேண்டும், ஏனென்றால் புது வீட்டுக்கும் அவைதான். கல் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம்.

ஆகவே கைவேலை. பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிறார்கள். ஊர்ப் பெண்கள் ‘டோக்கோ’ என்கிற மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி, மண்ணை அள்ளிப் போகிறார்கள். ஜிம்முக்குப் போய் உடம்பை வளர்த்தவர் அதைத் தூக்கிப் பார்த்தால் கழுத்து இரண்டடிக்கு மேல் தாங்காது. எந்தக் கல் எந்தக் குவியலுக்கு என்று முடிவு செய்வது வீட்டுக்காரப் பெரியவர். வந்தவர்கள் கேட்டு நடக்க வேண்டியதுதான். கெட்டியான கையுறை, அடி தடித்த பூட்ஸ், தலைக்கவசம், முகமூடி இவையில்லாமல் கிட்டே போகக் கூடாது. ஆணி எங்கே துருத்திக்கொண்டிருக்கும் என்று தெரியாது, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டே வர வேண்டும். நின்றுகொண்டிருக்கும் அரைச் சுவருக்குக் கீழே யாரும் போவதில்லை, பின்னதிர்வு சொல்லிக்கொண்டு வருவதில்லை. காலை பத்து மணி வாக்கில் தால்-பாத் எனும் பருப்பும் சோறும், மறுபடி ராத்திரி தால்-பாத், நடுவே அவலும் டீயும். மூன்றாம் நாள் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்பார்கள். கிடைக்கும், நேபாளத்தில் அது இல்லாத பெட்டிக்கடை இல்லை.

பிள்ளைகள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொறுப்பான அமைப்புகள் 18 வயது ஆகாதவர்களை இடிபாட்டுப் பக்கம் விடமாட்டார்கள். உடனே ‘அப்படியானால் அநாதை இல்லத்துக்குக் கூட்டிப் போகலாம், அவர்களோடு விளையாடட்டும்’ என்று பயண ஏஜென்ட் ஆசை காட்டுவார். வேண்டவே வேண்டாம். நேபாளத்தின் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 85 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் சொன்னது. படிக்கவைக்கிறோம் என்று மலைக் கிராமத்தில் பணம் வாங்கிக்கொண்டு கூட்டி வந்து, வெளிநாட்டார் வந்து போகும் ஊர்களில் காட்சிக்கு வைக்கும் பிழைப்பு அது. பார்க்க ஆள் வரும்வரை இல்லமும் நிறையும். நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசே விழித்துக்கொண்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் புது இல்லங்களுக்கான பதிவையும் நிறுத்திவைத்தது. பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போகவும் தடை போட்டது. நம் பிள்ளைக்கு இரக்கம் பழக இன்னொரு வீட்டுப் பிள்ளை தாயைப் பிரிய வேண்டியதில்லை.

பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலையும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அந்த ஊரிலேயே பெயின்டர் இருப்பார், வேலையில்லாமல்.

இனி கணக்கு. தற்காலிகக் கூரைக்கென்று நேபாள அரசு ஒரு குடும்பத்துக்கு முதலில் கொடுத்தது 15,000 நேபாள ரூபாய். இந்திய 100 ரூபாய்க்கு அவர்கள் 160 ரூபாய் என்பது நிலையான மாற்று; ஆக நம் பணத்தில் 9,375. சென்னையிலிருந்து ஒருவர் காத்மாண்டு போய்வரும் விமானக் கட்டணத்துக்கு அது பற்றாது. புது வீடு கட்ட மூன்று தவணையாகக் கொடுத்தது 3 லட்சம், நம் கணக்கில் 1,87,500. நாலு பேர் பறந்து போய் ஒரு வாரம் கல் சுமப்பதைவிட டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பினால் கூடுதல் கூரைகள் நிற்கும். இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எத்தனை பேர் உண்மையில் அனுப்புவார்கள் என்று மட்டும் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. போய்ப் பார்த்து, ஒரு வீட்டில் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் அடுத்த வருஷமும் அனுப்புவார்கள்.

கொடுக்க இன்னொரு வழியும் உண்டு, அதில் பிள்ளைகளுக்கும் தடையில்லை: சும்மா சுற்றுலாப் போவது. காத்மாண்டுவின் பழைய மர மண்டபமான காஷ்டமண்டபம் இடிந்த அன்று உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. கொடுக்க வந்தவர்கள் அதில் மாண்டார்கள். ஊர்க்காரர்களே முன்னின்று, மரத்தாலேயே, பழைய முறையில் அதை எழுப்பி 2022இல் முடித்தார்கள். பக்தபூரில் 1934 நிலநடுக்கத்தையும் 2015ஐயும் தாங்கி நிற்கும் ஐந்தடுக்கு ஞாதபோல கோயிலைக் காட்டி, பக்கத்து வத்சலா கோயில் 2015இல் ஏன் விழுந்தது என்று பத்து வயதுப் பிள்ளையை யோசிக்கவைக்கலாம். அங்கே வாங்கும் நுழைவுச் சீட்டின் காசு கோயில்களைச் செப்பனிடப் போகிறது.

கொஞ்சம் நடக்கத் தெம்புள்ள குடும்பமென்றால் லாங்டாங். நிலநடுக்கத்தில் பனியும் பாறையுமாக மலை சரிந்து அந்தக் கிராமத்தையே மூடியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பிழைத்தவர்கள் சற்றுத் தள்ளிப் புது வீடுகள் கட்டி, அவற்றையே விடுதிகளாக நடத்துகிறார்கள். மலையேற வருகிறவர்கள்தான் அவர்களுக்கு வருமானம். காத்மாண்டுவிலிருந்து சியாப்ருபேசி வரை பஸ், அப்புறம் இரண்டு மூன்று நாள் நடை. பாதை அந்தச் சரிவின் மேலேயே போகிறது. அதற்கும் அப்பால் 3,800 மீட்டருக்கு மேல் இருக்கும் கியான்ஜின் கோம்பாவில் யாக் பாலில் சீஸ் செய்யும் பழைய ஆலை உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்த உயரத்துக்கு உடம்பு பழக ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும். அந்த அறை வாடகையில் பேரம் பேச வேண்டாம்.