உள்ளூரில் சரிந்த கோட்டை: இந்திய டெஸ்ட் அணியின் மறுகட்டமைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

குவாஹாட்டி: தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இரண்டாவது டெஸ்டில் இந்திய அணி 408 ரன்கள் வித்தியாசத்தில் தோல்வியடைந்துள்ளது. ரன் வித்தியாசத்தின் அடிப்படையில் இந்தியா சந்தித்த மிகப்பெரிய டெஸ்ட் தோல்வி இதுவாகும். கொல்கத்தாவில் நடைபெற்ற முதல் டெஸ்டில் 30 ரன்களில் தோற்றிருந்த இந்தியா, இரண்டு போட்டிகள் கொண்ட தொடரை 0-2 என்ற கணக்கில் முழுமையாக இழந்தது. இந்திய மண்ணில் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் தொடரைக் கைப்பற்றுவது 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு இதுவே முதல் முறை.

இது தனித்து நிகழ்ந்த சறுக்கல் என்றால் ஓரிரு வீரர்களை மாற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், 2024 அக்டோபர்-நவம்பரில் நியூசிலாந்து அணி இதே நாட்டில் 3-0 எனத் தொடரை வென்று சென்றது. அதற்கு முன்பு, 2013 முதல் தொடர்ச்சியாக 18 உள்நாட்டுத் தொடர்களை இந்தியா வென்றிருந்தது. அந்த நீண்ட காலத்தில் சொந்த மண்ணில் தோற்ற டெஸ்டுகள் நான்கு மட்டுமே. அதன் பிறகு உள்நாட்டில் ஆடிய ஏழு டெஸ்டுகளில் தோற்றவை ஐந்து. வென்ற இரண்டும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரானவை.

குவாஹாட்டி தோல்விக்குப் பின் செய்தியாளர்களிடம் பேசிய தலைமைப் பயிற்சியாளர் கௌதம் கம்பீர், தமது பதவி குறித்து இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமே (பிசிசிஐ) முடிவு செய்ய வேண்டும் என்றும், தம்மைவிட இந்திய கிரிக்கெட்டே முக்கியம் என்றும் கூறினார். பயிற்சியாளர் நீடிப்பாரா, தேர்வுக் குழுத் தலைவர் அஜித் அகர்கர் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சுற்றியே விவாதம் சூடுபிடித்துள்ளது. அந்தக் கேள்விகளுக்கு உரிய இடம் உண்டு. எனினும், அணி ஏன் தோற்கிறது என்பதற்கான விடை அவற்றில் முழுமையாக அடங்கிவிடவில்லை.

எதிரணிக்கும் கைகொடுத்த ஆடுகளம்

அஸ்வினும் ஜடேஜாவும் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் உள்நாட்டு வெற்றிக்கான சூத்திரம் எளிமையானதாகத் தோன்றியது: பந்து சுழலும் ஆடுகளம், தரமான சுழற்பந்து வீச்சாளர்கள், முதல் இன்னிங்ஸில் போதுமான ரன்கள். இதில் பலரும் கவனிக்கத் தவறியது மூன்றாவது பகுதியை. எதிரணியை அஸ்வின் சாய்ப்பதற்கு முன்பாக, புஜாராவோ கோலியோ ரோஹித்தோ நாள் முழுவதும் நின்று ஆடிக் கொடுத்திருப்பார்கள்.

முதல் நாளிலிருந்தே தாறுமாறாகச் சுழலும் ஆடுகளத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. நல்ல ஆடுகளத்தில் விக்கெட் எடுக்க, பந்தை மிதக்கவிடவும் வேகத்தை மாற்றவும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வீசவும் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் சிறந்த பந்துவீச்சாளருக்கும் சாதாரணப் பந்துவீச்சாளருக்கும் இடையிலான தூரம் வெளிப்படும். குழிந்து உடைந்த ஆடுகளத்திலோ ஒரு பந்து திரும்பும், அடுத்த பந்து நேராகச் செல்லும். இதைத் துல்லியமாக வீசினாலே போதும். அதாவது, சொந்த அணியின் மேலான திறமையை அந்த ஆடுகளமே மழுங்கடித்துவிடுகிறது.

நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. புனே டெஸ்டுக்கு முன்பு, டெஸ்ட் போட்டியில் ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகளை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. புனேயில் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அடுத்து மும்பையில் 147 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 121 ரன்களில் சுருண்டபோது, அஜாஸ் படேல் அந்தப் போட்டியில் 11 விக்கெட்டுகளை எடுத்திருந்தார்.

பாடம் தெளிவாகவே இருந்தது. ஆனால், ஓராண்டு கழித்துக் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் அதே பாணி ஆடுகளம் அமைந்தது. இந்தியா நான்கு சுழற்பந்து வீச்சாளர்களுடன் களமிறங்கியது. மூன்றே நாள்களில் முடிந்த அந்தப் போட்டியின் நான்கு இன்னிங்ஸிலும் எந்த அணியும் 200 ரன்களை எட்டவில்லை. அரைசதம் கடந்த ஒரே வீரர், ஆட்டமிழக்காமல் 55 ரன்கள் எடுத்த தென்னாப்பிரிக்கக் கேப்டன் டெம்பா பவுமா. வெற்றிக்கு 124 ரன்களே தேவைப்பட்ட நிலையில் இந்தியா 93 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. கழுத்து வலியால் கேப்டன் சுப்மன் கில் ஆட முடியாமல் போனதும் பெரும் பின்னடைவுதான். ஆனாலும், தாங்கள் கேட்டது இத்தகைய ஆடுகளத்தையே என்று கம்பீர் பின்னர் ஒப்புக்கொண்டார். பராமரிப்பாளரைக் குறை சொல்ல இடமில்லை.

ஈடன் கார்டன்ஸில் 8 விக்கெட்டுகளையும் தொடர் முழுவதும் 17 விக்கெட்டுகளையும் எடுத்தவர் சைமன் ஹார்மர். இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்டில் எசெக்ஸ் அணிக்காகப் பல ஆண்டுகள் சிவப்புப் பந்தைச் சுழற்றித் தேர்ந்த 36 வயதுக்காரர் அவர்.

குவாஹாட்டியில் சாக்கு இல்லை

எல்லாப் பழியையும் ஆடுகளத்தின் மீது சுமத்திவிடவும் முடியாது. பர்சாபரா மைதானத்தில் நடைபெற்ற முதல் டெஸ்ட் அது. ஆடுகளம் பேட்டிங்குக்கு ஏற்றதாகவே இருந்தது. தென்னாப்பிரிக்கா 489 ரன்கள் குவித்தது. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த செனுரன் முத்துசாமி சதமடித்தார். மார்கோ ஜான்சன் 93 ரன்கள் எடுத்தார். பதிலுக்கு ஆடிய இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 95 என்ற நிலையிலிருந்து 7 விக்கெட்டுக்கு 122 எனச் சரிந்தது. அங்கே விக்கெட்டுகளைக் குவித்தது சுழல் அல்ல. ஜான்சன் உயரத்திலிருந்து இறக்கிய ஷார்ட் பந்துகள். அவர் 48 ரன்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அந்த இன்னிங்ஸில் இந்தியத் தரப்பில் அதிகப் பந்துகளைச் சந்தித்தவர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தொடக்க வீரரோ கேப்டனோ அல்ல, குல்தீப் யாதவ். 134 பந்துகளை எதிர்கொண்டு அவர் எடுத்தது 19 ரன்கள். பந்துவீச்சாளர் ஒருவரால் நின்று ஆட முடிந்த ஆடுகளத்தில், முன்வரிசை வீரர்கள் அவசரப்பட்டு ஆடி வெளியேறினார்கள். பொறுப்பு கேப்டன் ரிஷப் பந்த் இறங்கி வந்து ஜான்சனை அடிக்க முயன்று ஆட்டமிழந்த காட்சி இன்னும் பேசப்படுகிறது.

3-ஆம் இடம் யாருக்கு?

ராகுல் திராவிட், அவருக்குப் பின் சேதேஷ்வர் புஜாரா என ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இந்தியாவின் 3-ஆம் இடம் இருவரின் பெயராலேயே அறியப்பட்டது. 2023 ஜூனில் நடைபெற்ற உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியுடன் புஜாராவின் சர்வதேச வாழ்க்கை முடிந்தது. பிறகு அந்த இடத்துக்கு வந்த கில், கோலி ஓய்வு பெற்றதும் 4-ஆம் இடத்துக்கு நகர்ந்தார். அதிலிருந்து தொடங்கியது தடுமாற்றம்.

இங்கிலாந்தில் முதல் டெஸ்டில் சாய் சுதர்சன், அடுத்த இரு டெஸ்டுகளில் கருண் நாயர், மீண்டும் சாய் சுதர்சன். கொல்கத்தாவில் வாஷிங்டன் சுந்தர். குவாஹாட்டியில் மறுபடியும் சாய் சுதர்சன். 2025 ஜூன் முதல் நவம்பர் வரையிலான ஒன்பது டெஸ்டுகளில் மூன்று பேர் அந்த இடத்தில் இறக்கப்பட்டனர். தமிழ்நாட்டின் இரண்டு வீரர்கள் ஓர் இடத்துக்காக மாற்றி மாற்றிப் பயன்படுத்தப்பட்டதில் இருவருக்குமே நியாயம் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும். கொல்கத்தாவில் 3-ஆம் இடத்தில் ஆடி, இரண்டாவது இன்னிங்ஸில் அணியின் அதிகபட்சமாக 31 ரன்கள் எடுத்த சுந்தர், அடுத்த போட்டியில் 8-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அங்கும் 48 ரன்கள் எடுத்தார். கொல்கத்தாவில் வெளியே அமரவைக்கப்பட்ட சாய் சுதர்சன், குவாஹாட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில் 139 பந்துகளைத் தாங்கி 14 ரன்கள் சேர்த்தார். ரன் குறைவுதான், ஆனால், நின்று ஆடும் மனம் அவரிடம் இருக்கிறது.

இதன் பின்னணியில் ஆல்ரவுண்டர்கள் மீதான அதீத நம்பிக்கை இருக்கிறது. 8-ஆம் இடம் வரை பேட்டிங் இருந்தால் பாதுகாப்பு என்பது இருபது ஓவர் ஆட்டத்தின் சிந்தனை. டெஸ்டில் எட்டுப் பேர் ஓரளவு ஆடுவதைவிட, ஐந்து பேர் முழுமையாக ஆடுவதே உதவும்.

ஆறு நாள் இடைவெளி

தென்னாப்பிரிக்கா இத்தொடருக்கு வந்த விதத்தையும் இந்தியா வந்த விதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க வீரர்கள் அக்டோபரில் பாகிஸ்தானில் இரு டெஸ்டுகளில், சுழலுக்குச் சாதகமான ஆடுகளங்களில் ஆடிவிட்டு வந்தனர். காயத்தால் அத்தொடரில் ஆடாத பவுமா, முன்னதாகவே பெங்களூரு வந்து தென்னாப்பிரிக்க ‘ஏ’ அணிக்காக நான்கு நாள் போட்டியில் பங்கேற்றார். கில், பும்ரா உள்ளிட்டோர் அப்போது ஆஸ்திரேலியாவில் டி20 தொடரில் இருந்தனர். அதன் கடைசி ஆட்டம் நவம்பர் 8-ஆம் தேதி பிரிஸ்பேனில். கொல்கத்தா டெஸ்ட் தொடங்கியது நவம்பர் 14-ஆம் தேதி.

உள்நாட்டு முதல்தரப் போட்டிகளும் இதே நெருக்கடியில் உள்ளன. ரஞ்சி கோப்பைத் தொடர் இரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, நடுவில் வெள்ளைப் பந்துப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் 1-3 எனத் தோற்ற பிறகு, 2025 ஜனவரியில் பிசிசிஐ வெளியிட்ட 10 அம்ச வழிகாட்டு நெறிமுறைகள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுவதைக் கட்டாயமாக்கின. கோலி 2012-க்குப் பிறகு முதல் முறையாக ரஞ்சியில் ஆடினார். டெல்லியில் அவரைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 6 ரன்களில் அவர் ஆட்டமிழந்ததும் கூட்டம் கலைந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களை ஓர் ஆட்டத்துக்கு அனுப்புவது, வளரும் வீரர்களை ஆண்டுதோறும் எட்டுப் பத்து ஆட்டங்களில் ஆடவைப்பதற்கு ஈடாகாது.

பணமும் இதில் ஒரு காரணி. ஒரு பருவத்தில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட டெஸ்டுகளில் ஆடுவோருக்குப் போட்டி ஒன்றுக்கு ரூ.45 லட்சம் ஊக்கத்தொகை என்று 2024 மார்ச்சில் வாரியம் அறிவித்தது. நல்ல முடிவு அது. ஆனால், டெஸ்ட் அணியின் வாசலை இன்னும் தொடாத ரஞ்சி வீரருக்கு அது எட்டாக்கனி. அவருக்கு ஐபிஎல் ஏலமே முதன்மையான வழியாகத் தெரிகிறது.

முன்னர் மீண்டது எப்படி?

2000-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றபோது, சூதாட்டப் புகாரும் சேர்ந்துகொண்டு இந்திய கிரிக்கெட் நிலைகுலைந்தது. சௌரவ் கங்குலி கேப்டனானார், ஜான் ரைட் பயிற்சியாளரானார், பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கொல்கத்தாவில் லக்ஷ்மணின் 281 ரன்கள், ஹர்பஜனின் 32 விக்கெட்டுகள், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடர் வெற்றி. அது விரைவாக நிகழ்ந்த மீட்சி.

2011-12 அப்படியல்ல. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அடுத்தடுத்து 0-4. திராவிடும் லக்ஷ்மணும் ஓய்வு பெற்றனர். அதன் பிறகும் 2012 இறுதியில் உள்நாட்டிலேயே இங்கிலாந்திடம் தொடரை இழக்க நேர்ந்தது. 2013-இல் ஆஸ்திரேலியாவை 4-0 என வென்று உள்நாட்டில் தலைநிமிர்ந்தாலும், அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் 1-3 எனத் தோல்வி. ஆஸ்திரேலியாவில் முதல் தொடர் வெற்றி 2018-19-இல்தான் கிடைத்தது. அத்தொடரில் 521 ரன்கள் குவித்து, 1,258 பந்துகளைச் சந்தித்தவர் புஜாரா. இடையில் அவரே பலமுறை அணியிலிருந்து நீக்கப்பட்டவர்.

இப்போதைய சூழல் இரண்டாவதை ஒத்திருக்கிறது. 2024 டிசம்பரில் அஸ்வின், 2025 மே மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் ரோஹித்தும் கோலியும் விடைபெற்றனர். மூவரும் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் 296. அந்த அனுபவத்தை ஆறு மாதத்துக்குள் இழந்த அணி அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குத் தடுமாறுவது இயல்பே.

ஆனால், முந்தைய வீழ்ச்சிகளில் காணாத ஒன்று இம்முறை உண்டு. இளம் அணி வெளிநாட்டில் நன்றாக ஆடியது. இங்கிலாந்தில் தொடரை 2-2 எனச் சமன் செய்தது. கில் 754 ரன்கள் குவித்தார். பும்ரா இல்லாத எட்ஜ்பாஸ்டன், ஓவல் போட்டிகளில்தான் வெற்றிகளே கிடைத்தன. சிராஜ் ஐந்து டெஸ்டுகளிலும் ஆடி 23 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பந்து சீராக வரும் ஆடுகளத்தில் இந்தத் தலைமுறையால் ரன் குவிக்க முடியும், 20 விக்கெட்டுகளையும் எடுக்க முடியும். அஸ்வின் காலத்து ஆடுகளத்தை இந்த அணிக்கு விரிப்பது, சென்ற தலைமுறையின் சட்டையை அளவு பார்க்காமல் மாட்டிவிடுவதைப் போன்றது. நல்ல ஆடுகளங்கள் டெஸ்டுக்கு மட்டுமின்றி ரஞ்சிக்கும் தேவை. அங்கே 400 ரன் அடிக்கவும், நான்காம் நாளில் பொறுமையாகப் பந்துவீசவும் பழகிய வீரர்களே அடுத்த அணியை உருவாக்க முடியும்.

அவகாசம் அதிகமில்லை. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் நடப்புச் சுற்றில் ஒன்பது டெஸ்டுகளில் 4 வெற்றி, 4 தோல்வி, ஒரு டிராவுடன் இந்தியா 48.15 சதவீதப் புள்ளிகள் பெற்றுள்ளது. மீதமுள்ள ஒன்பதில் ஏழில் வென்றால் 60 சதவீதத்தைத் தாண்ட முடியும். இலங்கையில் இரண்டு, நியூசிலாந்தில் இரண்டு. அதற்கு முன்பு டி20 உலகக் கோப்பையும் ஐபிஎல் தொடரும் வருவதால், சிவப்புப் பந்துக்குத் திரும்ப வீரர்களுக்குப் பல மாதங்கள் ஆகும். சுற்றின் கடைசியில், 2027 தொடக்கத்தில், ஆஸ்திரேலிய அணி ஐந்து டெஸ்டுகளில் ஆட இந்தியா வருகிறது. நேதன் லயனைப் போன்ற சுழற்பந்து வீச்சாளர்களைக் கொண்ட அந்த அணிக்கு எத்தகைய ஆடுகளத்தை இந்தியா அமைக்கும் என்பதை வாரியமும் பயிற்சியாளர் குழுவும் இன்னும் முடிவு செய்தாக வேண்டும்.