கண்டதையும் ஐயுறும் கண்

குயிலாப்பாளையத்துக்குக் கிழக்கே கரையில் நின்று நோக்கினால் கடல் நீலமாய்த் தோன்றுகிறது. அந்நீரைக் கையில் அள்ளினாலோ நிறமில்லை. வானத்தின் பிரதிபலிப்பே அந்நீலம் என அறிஞர் எண்ணியிருந்தனர். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் காரணம் என்பதை 1921ஆம் ஆண்டுக் கப்பற்பயணத்தில் சி. வி. இராமன் கண்டார். அக்கேள்வியே அவரை ஒளிச்சிதறல் ஆய்வுக்கு இட்டுச் சென்றது.

கல்கத்தாவில் அவருடன் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். அவர்களது சோதனை எளியது. சூரிய ஒளியை நீலவூதாக் கண்ணாடி வழியே திரவத்துள் செலுத்தினர். அவ்வொளியை முற்றிலும் தடுக்கும் வேறொரு கண்ணாடியின் வழியே அத்திரவத்தை நோக்கினர். இருள் இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய ஒளித்தடம் தெரிந்தது. ஒளித்துகள் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூறுக்கு ஈந்து, நிறம் மாறி வெளிவருகிறது என்பதே அதன் பொருள்.

ஆனால் அது திரவத்திலுள்ள மாசின் ஒளிர்வாகவும் இருக்கலாமன்றோ? ஆகவே திரவங்களை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கினர். ஏறக்குறைய 60 திரவங்களைச் சோதித்தனர். 1928 பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டியில் மாறிய நிறம் தனித்துத் தெரிந்தது.

முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணன் ஆய்வைக் கைவிடவில்லை. 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

தமக்கு உகந்த முடிவையே முதலில் ஐயுறுவது மூத்த சோதனையாளரின் கடமை. பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் அவ்வொழுக்கம் வேண்டும்.