உங்களுக்குத் தெரியுமா? திருப்பதி என்றால் லட்டு மட்டுமா!

பெருமாளைச் சேவித்தீர்கள். லட்டு வாங்கினீர்கள். தங்கப் பல்லியைப் பார்த்தீர்களா? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பல்லியைச் சொல்லவில்லை. இது திருமலைப் பாறை இடுக்கில் உயிரோடு ஓடுகிற பல்லி! ஆண் பல்லி அசல் பொன் மஞ்சள்!

மதராஸ் ராஜதானியின் காட்டு அதிகாரி பெட்டோம் இந்தப் பல்லியை உலகுக்குச் சொன்னது 1870-ல். கிழக்குத் தொடர்ச்சி மலையில் மறுபடி அகப்பட்டுவிட்டது என்ற செய்தி அச்சில் வந்தது 1986-ல். நடுவில் 116 வருஷம்!

இந்தப் பல்லிக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பங்காளிதான். அது குடியிருப்பது இலங்கையில்!

தங்கப் பல்லியை மறுபடி கண்டுபிடித்தது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். 1883-ல் எட்டுப் பேர் கூடி ஆரம்பித்த சங்கம் அது. எட்டில் இந்தியர்கள் இரண்டே பேர். ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன். இருவருமே வைத்தியம் பார்த்த டாக்டர்கள்!

இனிமேல்தான் பெரிய சமாச்சாரம். நிமிர்ந்து உட்காருங்கள்!

திருப்பதிக்கு அடுத்த மாவட்டம் கடப்பா. அங்கே ஒரு பறவை. தெலுங்கில் கலிவி கோடி. 1900-க்குப் பிறகு எந்தப் பறவை ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று கைகழுவிவிட்டார்கள். 1986 ஜனவரியில் ஒரு ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் சிக்கியது! 86 வருஷத் தலைமறைவு!

பிடித்தவர் விஞ்ஞானியா? இல்லவே இல்லை. பறவை பிடிப்பதில் கைதேர்ந்த ஓர் ஊர்க்காரர்!

தேடலை நடத்தியவர் சங்கத்தின் ஆய்வாளர் பரத் பூஷண். தங்கப் பல்லிக் கட்டுரையைப் புரட்டுங்கள். அதிலும் அவர் பெயர் இருக்கிறது! ஒரே ஆண்டில் இரண்டு புதையல். சிலருக்குத்தான் இப்படி வாய்க்கும்!

பறவையோ ராத்திரிப் பேர்வழி. முட்புதருக்குள் புகுந்தால் தேடவே முடியாது. அப்புறம் வந்த ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். புதர்களுக்கு நடுவே மண்ணைச் சலித்துப் பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். விடிந்ததும் போய்க் கால்தடம் பார்த்தார்கள்! தானியங்கிக் கேமராவும் வைத்தார்கள். பறவை நடந்து வந்தது, தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டது!

அந்த வேலையில் முன்னால் நின்றவர் நம்ம ப.ஜெகநாதன்! தமிழில் காட்டுயிர்க் கட்டுரை படிக்கிறவர்களுக்கு ரொம்பத் தெரிந்த பெயர். ஆய்வுக் கட்டுரை வந்தது 2002-ல்.

இந்த ஒரு பறவைக்காக ஒரு கால்வாயே வழி மாறியது! எந்தக் கால்வாய் தெரியுமா? சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் தருகிற தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்! குழாயைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கலிவி கோடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் முடியவில்லை. இதன் முட்டை உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அடையாளம் உறுதியானது ஒன்றே ஒன்று! இருப்பது ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். 1917-ல் அதைச் சேகரித்தவர், கோலார் தங்கவயலில் வேலை பார்த்த ஒரு மாட்டு டாக்டர்! டி.என்.ஏ. சோதனை செய்து ஊர்ஜிதம் செய்தது 2013-ல். ஒரு முட்டைக்கு அடையாளம் கிடைக்க 96 வருஷம்!

அடுத்த பறவைக் கதை, திருப்பதியும் முன்பு அடங்கியிருந்த பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில். ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். பக்கத்திலேயே அவருடைய ரிஷி வேலி பள்ளி, 1926-லிருந்து. வறண்ட பூமியில் மரம் நட்டு நட்டுப் பறவைகளை வரவழைத்தார்கள். 1991-ல் பள்ளத்தாக்கையே பறவைக் காப்பிடமாக அறிவித்தார்கள்! பள்ளிக்கூட மணியும் பறவைச் சத்தமும் ஒரே வளாகத்தில்!

அங்கே பறவை ஆய்வுக்கென்றே தனி நிலையம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடியே பறவையியல் படிக்கப் பாடத்திட்டமும் போட்டார்கள்! நிலையத்தை நடத்திய வி.சாந்தாராம், சென்னை அடையாற்றுக் கழிமுகப் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவர். மரங்கொத்திகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்!

ரிஷி வேலிப் பாறைகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்டு. தென்னிந்தியாவைத் தாண்டினால் உலகத்தில் எங்குமே கிடையாது! அதைப் பார்க்க ஆந்திரா வரை போக வேண்டுமா என்கிறீர்களா? செஞ்சிக் கோட்டையில் ஏறுங்கள், அங்கேயும் இருக்கிறது!

திருப்பதி ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) 2015-ல்தான் பிறந்தது. அதன் பேராசிரியர் வி.வி.ராபின். 2017-ல் அவரும் கூட்டாளிகளும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாட்டுப் பறவைகளுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். புது இனம் என்று நினைத்தீர்களா? புதுப் பேரினம்! அதுவும் ஒன்றல்ல, இரண்டு!

திருமலை இருக்கிற மலைத்தொடர்தான் சேஷாசலம். அங்கே உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது 2010-ல். பரப்பு சுமார் 4,756 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல் 11 மடங்கு!

‘புஷ்பா’ படத்தில் கடத்தினார்களே, அந்தச் செம்மரம் இந்தக் காடுகளின் சொத்து. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தாண்டினால் உலகத்தில் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை! வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போடுங்கள். மிதக்காது, மூழ்கும்! ஜப்பானில் இதைக் கொண்டு ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம் செய்கிறார்கள்!

டைனோசருக்கும் மூத்த குலத்துச் செடி ஒன்று திருப்பதி, கடப்பா மலைகளில் நிற்கிறது. சைகஸ் பெட்டோமி. பெயர் யாருடையது? பல்லிக்காரர் பெட்டோமுடையதேதான்! ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி. ஆண் கூம்பை மருந்துக்கென்று வெட்டிவிடுகிறார்கள், பெண் செடி காத்துக் கிடக்கிறது. இதன் சர்வதேச வியாபாரத்துக்குப் புலிக்கு உள்ள அதே உச்சக் கட்டுப்பாடு!

சித்தூர்க் காட்டில் ஏறக்குறைய 200 வருஷம் யானையே கிடையாது! 1980-களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து தாங்களாகவே நடந்து வந்தன. வந்த யானைகள் திரும்பவில்லை. 1990-ல் அவற்றுக்காகக் கௌண்டின்யா சரணாலயம் உண்டாக்க வேண்டியதாயிற்று! விளைநிலத்தில் இறங்குகிற யானைகளை விரட்ட 2025 மே மாதம் கர்நாடகம் கொடுத்தது நான்கு கும்கிகள்!

2022-ல் மாவட்டம் பிரித்தார்கள். நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக் கூழைக்கடாக்கள் ஒரே நாளில் நெல்லூர்க்காரர்களிலிருந்து திருப்பதிக்காரர்கள் ஆகிவிட்டன! கூடவே சூலூர்பேட்டையும் வந்தது. அங்கே 2001-லிருந்து பூநாரைக்குத் திருவிழா எடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் மூன்று நாள் அமர்க்களம்! பழவேற்காட்டு ஏரியில் பூநாரை நிற்க, பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. இரண்டையும் பார்க்க ஒரே ரயில் டிக்கெட் போதும்!

சர்க்கஸில் வளையம் தாண்டிய சிங்கங்கள் ரிட்டயர் ஆனால் எங்கே போகும்? சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி ஆட்டங்களுக்கு 1998-ல் தடை வந்தது. மீட்ட சிங்கங்கள் பல வந்து சேர்ந்த இடம் திருப்பதி!

அவற்றுக்கு இடம் கொடுத்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா விலங்கியல் பூங்கா 1987-ல் தொடங்கியது. பரப்பு 5,532 ஏக்கர்! வண்டலூர் பூங்காவை உள்ளே மூன்று தடவை வைக்கலாம். அப்புறமும் ஆயிரம் ஏக்கர் மிச்சம்!