வாலிபர் முகாமின் ஏழு நாட்கள்: பதின்பருவப் பெண்ணின் உரிமைகளும் பெரியவர்களின் கடமைகளும்

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிகள் மூடியதும் தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பிள்ளைகளுக்காக நடத்தும் நிகழ்ச்சிகள் இரு வகைப்படும். காலையில் சென்று மதியம் வீடு திரும்பும் விடுமுறை வேதாகமப் பள்ளி ஒரு வகை. கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களிலோ, ஊருக்கு ஒதுங்கிய தியான இல்லங்களிலோ ஐந்து முதல் ஏழு நாட்கள் தங்கி நடத்தப்படும் வாலிபர் முகாம் மற்றொரு வகை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, குறிப்பாகச் சிற்றூரிலிருந்து வருபவளுக்கு, வீட்டாரின் துணையின்றி வெளியூரில் தங்குவதும், மேடையேறிப் பேசுவதும், வேற்றூர்ப் பெண்களோடு இரவு முழுதும் சிரித்துப் பேசுவதும் பெரும்பாலும் இந்த முகாமில்தான் முதன்முறையாக வாய்க்கின்றன. அந்த வாய்ப்பை அவளுக்கு மறுப்பது தீர்வாகாது. ஆனால் பெற்றோரின் கண்பார்வை எட்டாத ஒரு வாரத்தை அவள் எவர் பொறுப்பில் கழிக்கிறாள், அந்தப் பொறுப்பைச் சட்டம் எவ்வாறு வரையறுக்கிறது என்பதை அறியாமல் அவளை வண்டியேற்றிவிடுவது பெரியவர்கள் செய்யும் தவறு.

இத்தகைய முகாம்களில் ஒரு நாளின் ஒழுங்கு ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: விடியற்காலைத் தியானம், குழுவாகப் பிரிந்து வேதபாடம், பிற்பகல் விளையாட்டு, இரவு எழுப்புதல் கூட்டம், அதன்பின் குழு ஆலோசகரோடு ஜெபம். கைபேசிகளை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள், தூக்கம் குறையும், பாடலும் கண்ணீரும் நிறைந்த கூட்டங்களில் மனம் இளகியிருக்கும், சொல்பவர் போதகர் அல்லது ஊழியக்காரர் என்பதால் அவர் சொல்லுக்கு மறுசொல் இராது. இவற்றுள் ஒன்றையும் தனியே எடுத்துக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் இவை அனைத்தும் ஒரே இடத்தில் சேரும்போது, ‘வேண்டாம்’ என்று மறுக்கும் துணிவும், நடந்ததை உடனே ஒருவரிடம் சொல்லும் வழியும் அந்தப் பெண்ணிடமிருந்து நழுவிவிடுகின்றன. தீய நோக்கத்தோடு வருபவர் பயன்படுத்திக்கொள்வது இந்தச் சூழலைத்தான்.

இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞரின் வரலாறு இதற்கு மறுக்கவியலாச் சான்று. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஐவர்ன் என்ற பெயரில் நடந்த கிறிஸ்தவக் கோடை முகாம்களின் தலைவர்களுள் ஒருவராக இருந்த அவர், அங்கு அறிமுகமான மாணவர்களைப் பாவத்திற்கான தண்டனை என்ற பெயரில் தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் இரத்தம் கசியப் பிரம்பால் அடித்தார். முகாம்களோடு தொடர்புடைய குருவானவர் ஒருவர் 1982இல் இதை விசாரித்து அறிக்கை எழுதினார். அதைப் படித்தவர்கள் காவல்துறைக்குத் தகவல் தரவில்லை. ஸ்மித் 1984இல் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்து, அங்கும் முகாம்கள் நடத்தி, அங்கும் சிறுவர்களைக் கொடுமைப்படுத்தினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அவர் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமல் 2018இல் இறந்தார். இந்தக் கொடுமைகளை ஆராய்ந்து 2024 நவம்பரில் வெளியான மேக்கின் அறிக்கை இந்த மௌனத்தை அம்பலப்படுத்தியதைத் தொடர்ந்து காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக நேர்ந்தது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் இங்கிலாந்துத் திருச்சபை சேர்ந்துள்ள அதே ஆங்கிலிக்க ஐக்கியத்தில் அங்கம் வகிப்பதால், இதைத் தொலைதூரத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டில், 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியொன்றில் தேசிய மாணவர் படையின் பெயரால் நடந்த போலி முகாமில், பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட மாணவியர் பாலியல் கொடுமைக்கு உள்ளானபோது, தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைது செய்யப்பட்டனர். அது திருச்சபை முகாம் அன்று. ஆயினும் ‘நல்ல பெயருள்ள இடம்’ என்ற நம்பிக்கையை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது இரண்டுக்கும் பொது.

இந்தியாவில் இப்பொருளுக்கு அடிப்படையான சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். வழக்கில் இதைப் போக்சோ என்பார்கள். பதினெட்டு வயது நிறைவடையாத எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இதன்படி குழந்தை. ஆகவே பதினேழு வயதுப் பெண்ணும் இருபத்துமூன்று வயது ஆலோசகரும் ‘விரும்பித்தான் பழகினார்கள்’ என்ற வாதம் சட்டத்தின் முன் செல்லாது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவரின் இசைவைச் சட்டம் இசைவாகக் கொள்வதில்லை. குற்றம் என்பது வன்புணர்வு மட்டுமன்று. பாலியல் நோக்கத்தோடு தொடுவது குற்றம்; ஆடையின் மேல் தொட்டாலும் அது குற்றமே என்பதை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 18 அன்று அளித்த தீர்ப்பில் ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்தது. பாலியல் நோக்கத்தோடு ஆபாசமாகப் பேசுவதும், படம் காட்டுவதும், முகாம் முடிந்த பின்னும் கைபேசி வழியாக விடாமல் தொடர்புகொள்வதும் பாலியல் துன்புறுத்தல் என்ற தலைப்பில் வருகின்றன. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ பணியாளரோ அந்நிறுவனத்திலுள்ள குழந்தையிடம் தவறான தொடுதலையோ வன்புணர்வையோ செய்தால் அவை கடுமையாக்கப்பட்ட குற்றங்களாகின்றன. குழந்தையின் நம்பிக்கைக்கோ அதிகாரத்திற்கோ உரிய நிலையில் இருப்பவர் என்ற பிரிவும் தனியே இருப்பதால், ஊதியமின்றி வந்த தன்னார்வ ஆலோசகரும் தப்ப முடியாது. இவ்வாறு கடுமையாக்கப்பட்ட நிலையில், தவறான தொடுதலுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரையும், உடலுறவு சார்ந்த வன்கொடுமைக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது இருபது ஆண்டுகளும் சிறைத்தண்டனை உண்டு.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவே திருச்சபையார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. குற்றம் நடந்தது என்று அறிந்தவர் எவராயினும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவராயினும், அதைக் காவல் நிலையத்திற்கோ சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழ்ப்பட்டவரின் குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை உயரும். குழந்தைகளுக்கு மட்டும் இந்தத் தண்டனை இல்லை. பேச வேண்டிய கடமையைச் சட்டம் பெரியவர்கள் மேல் சுமத்தியிருக்கிறது. அவள் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. நல்லெண்ணத்தோடு புகார் தருபவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

‘முதலில் குருசேகரக் குழு விசாரிக்கட்டும்’, ‘ஆயருக்கு எழுதுவோம்’, ‘சபையின் பெயர் கெட்டுவிடும்’ என்ற சொற்கள் எழும் இடம் இதுதான். உள்விசாரணை நடத்தத் தடையில்லை. ஆனால் அது காவல்துறைக்குத் தகவல் தருவதற்கு மாற்றாகாது. கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட ஆணை, புகார்களைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வழிவகை இருக்க வேண்டும் என்கிறது. நாட்டின் சட்டம் விதிக்கும் கடமைகள் அதனால் குறைவதில்லை என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக் கூடாது என்பது கத்தோலிக்கக் குருக்களின் மாறா விதி. போக்சோ சட்டத்தின் வாசகத்திலோ குருக்களுக்கென்று தனி விலக்கு ஏதும் இல்லை. இந்த முரணில் சிக்கி நிற்க வேண்டியவள் அந்தப் பெண் அல்லள். பாவசங்கீர்த்தனம் ஒருவர் தம் பாவத்தை அறிக்கையிடும் இடம். பிறர் தனக்கு இழைத்த கொடுமை அவளுடைய பாவமன்று. அதை அங்கே கேட்கும் குருவானவர் இதையே அவளிடம் தெளிவாகச் சொல்லி, வெளியே வந்து நம்பிக்கையான ஒருவரிடம் கூறும்படி அவளைத் தேற்றுவதே முறை.

உடலைத் தொடாத கொடுமைகளும் உண்டு. முகாமின் கடைசி இரவுகளுள் ஒன்றில் பெரும்பாலும் அர்ப்பணிப்புக் கூட்டம் நடக்கும். அதில் பிள்ளைகள் முன்வந்து தங்கள் பாவங்களைச் சாட்சியாகச் சொல்ல அழைக்கப்படுவது வழக்கம். விருப்பத்தோடு சொல்பவரைத் தடுக்க வேண்டியதில்லை. சொல்லத் தயங்கும் பெண்ணை எல்லார் முன்னும் பெயர் சொல்லி எழுப்பி, அவளுடைய காதலையோ குடும்பச் சண்டையையோ மேடையில் அவிழ்க்க வைப்பது அவள் மனத்தைக் காயப்படுத்துவதாகும். கட்டாய உபவாசமும், ‘விசுவாசம் போதும்’ என்று சொல்லி வலிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ உள்ள மருந்தை நிறுத்த வைப்பதும் அதனினும் ஆபத்தானவை. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற உடல், மன வேதனைக்கு அவளை ஆளாக்குவது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்; குழந்தைகளின் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட அமைப்பின் நிர்வாகியோ பணியாளரோ செய்தால் ஐந்தாண்டு வரை.

புறப்படுமுன் பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் அடியில், எந்த அசம்பாவிதத்திற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரி பல நேரங்களில் காணப்படும். அந்த வரி குற்ற வழக்கைத் தடுக்காது. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பெற்றோரின் கையெழுத்து அதற்கு மன்னிப்பாகாது. அருவிக்கும் அணைக்கும் அழைத்துச் செல்லும் முகாம்களில் இதை மறக்கக் கூடாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், குவாடலூப் ஆற்றங்கரையில் இருந்த கேம்ப் மிஸ்டிக் என்னும் கிறிஸ்தவப் பெண்கள் முகாமில், 2025 ஜூலை 4 அதிகாலை வெள்ளம் புகுந்து சிறுமியரும் ஆலோசகரும் 27 பேர் மாண்டனர். வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் முகாம் விடுதிகள் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது அதன் பிறகுதான்.

படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்விகளே அவளைக் காக்கக்கூடியவை. குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்புள்ள நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்றும், குழந்தைப் பாதுகாப்பு குறித்து அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் கூறுவதால், ஆலோசகர்கள் எவர், அவர்களுக்கு இந்தச் சரிபார்ப்பு நடந்ததா என்று கேட்பது அவமதிப்பாகாது. பெண்கள் தங்கும் அறைக்குப் பொறுப்பான பெண்மணி யார், இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு உண்டா, மாதவிடாய்க்கு வேண்டியவற்றை யாரிடம் கேட்பது, நாளுக்கொரு முறை வீட்டோடு பேச விடுவார்களா என்பவையும் அவ்வாறே கேட்டறிய வேண்டியவை. தனி ஆலோசனையும் தனி ஜெபமும் கதவு சாத்திய அறையில் நடக்குமா, பிறர் கண்ணுக்குத் தெரியும் திண்ணையிலோ மரத்தடியிலோ நடக்குமா என்ற ஒரு கேள்வியே அம்முகாம் எப்படிப்பட்டது என்பதைப் பெருமளவு காட்டிவிடும். எந்தப் பெரியவரும் ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்று சொன்னால் அதை வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்பதைப் பெண்ணிடமும் முன்பே பேசி வைக்க வேண்டும். அவள் வீட்டு எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பிய பெண் எதையேனும் சொன்னால், அல்லது காரணமின்றிப் பேச்சற்றுப் போனால், முதல் வேலை அவளை நம்புவது. வன்கொடுமை நடந்திருந்தால் அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமலும், வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமலும் வைத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், கருத்தரிப்பையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடாது. காவல்துறையின் கடிதமோ முதல் தகவல் அறிக்கையோ கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று மருத்துவர் சொல்லக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

முகாம் நடந்தது கொடைக்கானல், வீடு இருப்பது தூத்துக்குடி என்றால் எங்கே புகார் தருவது என்ற குழப்பம் பல குடும்பங்களைப் பின்வாங்க வைக்கிறது. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். போக்சோ புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அலுவலரும் தண்டனைக்குரியவரே. பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையின்றி, அவள் நம்பும் ஒருவர் அருகில் இருக்கும்போது பதிவு செய்ய வேண்டும். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. காவல்துறை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை துணைநிற்க ஓர் ஆதரவு நபரை நியமிக்கும் பொறுப்பு அக்குழுவினுடையது.

இதற்குள் சமாதானம் பேச மூப்பர்கள் வீடு தேடி வரக்கூடும். மன்னிப்பது விசுவாசக் கடமை என்றும், பெண்ணின் எதிர்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றும் அவர்கள் சொல்வது நல்லெண்ணத்தாலும் இருக்கலாம். மன்னிப்பதும் மன்னியாததும் அந்தப் பெண்ணின் மனச்சாட்சிக்குரியவை. வழக்கைக் கைவிடும் பேரத்திற்கு அவற்றைக் கருவியாக்குவது கொடுமை. பெற்றோரோடு செய்துகொண்ட சமரசத்தைக் காட்டி இத்தகைய வழக்கை ரத்து செய்ய இயலாது என்று, ஆசிரியர் ஒருவர் மாணவியைத் துன்புறுத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெண்ணின் பெயர், படம், பள்ளி, குடும்பம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவது குற்றம். சபையின் வாட்ஸாப் குழுவில் ஜெபக் குறிப்பாகக்கூட அவளுடைய பெயரைப் பகிரக் கூடாது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், குடும்ப வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதற்கான உதவி எண் 15100. தீர்ப்பு வரும்வரை காத்திராமல் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கவும் விதி உண்டு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு கிடையாது என்பதால், 2012க்குப் பின் நடந்த ஒரு முகாமில் பதினான்கு வயதில் பாதிக்கப்பட்டு, இன்று வளர்ந்துவிட்ட பெண்ணும் காவல் நிலையத்திற்குச் சென்று புகார் தரலாம்.