வாங்கும் விலையும் வைத்துக் காக்கும் விலையும்

நம் பங்குகளில் அண்மைக் காலமாக அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் மாலையிட்ட கார் ஒன்று நிற்கும். அதனைச் சுற்றித் தாத்தா முதல் பேரன் வரை ஒரு குடும்பமே கூடியிருக்கும். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கண்ணாடிக்கு முன்னே புனித கிறிஸ்தோபரின் சிறு சுரூபம் இடம் பெறும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் வீட்டாரும் உண்டு. அதனைக் குருவானவர் பார்த்தும் பாராதவர்போல் இருந்துவிடுவார். உற்று நோக்கினால் அந்தக் கார் புதியதன்று. சென்னையில் யாரோ ஒருவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றதாகவே பெரும்பாலும் இருக்கும். எனினும் அந்த வீட்டுக்கு அதுவே முதற்கார். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பேருந்துக்குக் காத்திருந்து காத்திருந்து வளர்ந்த தலைமுறைக்கு அது எத்துணைப் பெரிய மகிழ்ச்சி என்பதை நாம் அறிவோம். அம்மகிழ்ச்சியைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் மாலை வாடிய பிறகு வரும் செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே நாம் அதனைப் பேச விரும்புகிறோம்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். சீட்டுப் பணம் 1,00,000 ரூபாய், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 60,000. இரண்டையும் சேர்த்து 1,60,000 ரூபாய்க்கு ஒரு சிறிய காரை வாங்குகிறார்கள். கையில் மீதி ஒன்றுமில்லை. முதல் மாதத்தில் பாட்டரி போகிறது. மூன்றாம் மாதத்தில் கிளட்ச் வழுக்குகிறது. டயர்கள் மொட்டையாகிவிட்டன என்று மெக்கானிக் சொல்லும்போது வீட்டுத் தலைவர், "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்கிறார். நகைக்கடன் வட்டியும் ஏறுகிறது. இறுதியில் கார் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் போர்த்தப்பட்டு நிற்கிறது. நின்ற காருக்குச் செலவில்லை என்று எண்ணுவது தவறு. பாட்டரி தானே இறங்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கெடும். வயல்வெளி எலிகள் வயர்களைக் கடித்துவிடும். எட்டு மாதங்கள் கழித்து மகளுக்கு இரவில் பிரசவ வலி எடுக்கும்போது, வாசலில் கார் இருந்தும் 108-க்கே சொல்லி அனுப்ப வேண்டியதாகிறது. இது கற்பனைதான் என்றாலும், இதைப் படிக்கும்போது தமக்குத் தெரிந்த வீடொன்று நினைவுக்கு வராதவர் நம் வட்டாரத்தில் அரியர்.

குறை எங்கே இருக்கிறது? காரின் விலையைக் கணக்கிட்டார்கள்; அதனை வைத்துக் காக்கும் விலையைக் கணக்கிடவில்லை. லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்டப் புகுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று ஆண்டவர் கேட்பதை நாம் அனைவரும் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அங்கே அவர் சீடத்துவத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பது உண்மை. ஆயினும் உவமைக்கு அவர் எடுத்தாண்டது வீட்டுக் கணக்கையே அன்றோ!

இந்தப் பாடத்தைக் கற்க நம் வட்டாரத்தார் தொலைதூரம் செல்ல வேண்டியதுமில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் உலகப் புகழ் பெற்றவை. தேர்தலைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் அதே கல்வெட்டில் உண்டு. ஏரி வாரியத்துக்கு 6 பேர். அவர்கள் 360 நாட்கள் பணி செய்வர். புது ஏரி வெட்டுவது அவர்களுடைய அன்றாட வேலையன்று. இருக்கும் ஏரியைக் காப்பதே அவர்களுடைய பொறுப்பு. ஏரியின் வண்டலை அகற்றுவதற்கென்றே தனியாக நிதி வைத்த செய்திகளும் இவ்வூர்க் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. கரை உடைந்த பிறகு பணம் தேடுவோம் என்று அவர்கள் இருக்கவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் ஏரிக்குச் செய்ததை இன்று ஒரு வீடு ஒரு காருக்குச் செய்ய முடியாதா?

செய்யலாம். அதற்குக் கணக்கு வேண்டும். 1,000 சி.சி.க்குட்பட்ட சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆறாயிரம் கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நாம் சொல்லும் தொகைகள் நம்மூர்ப் பட்டறைகளை மனத்திற்கொண்டு போட்ட உத்தேசமே. இடத்துக்கு இடம், காருக்குக் கார் மாறும். ஆயில், ஃபில்டர்கள் மாற்றிச் செய்யும் ஆண்டு சர்வீஸுக்கு 4,500 ரூபாய். நான்கு டயர்கள் 14,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 2,800. பாட்டரி 4,000, நான்கு ஆண்டுகள் வந்தால் ஆண்டுக்கு 1,000. கிளட்ச் 9,000, ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட 1,800. பிரேக், சஸ்பென்ஷன் வகைக்கு 4,000. கரும்பு டிராக்டர்களும் கல்குவாரி லாரிகளும் ஓடித் தேய்ந்த நம் சாலைகளில் இவ்வகைச் செலவு நகரத்தைவிடக் கூடவே வரும். மூன்றாம் நபர் காப்பீடு, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 2,094 ரூபாய். 18 விழுக்காடு வரி சேர்த்தால் 2,471. எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 16,571 ரூபாய். புகைச் சான்றிதழ், பஞ்சர் போன்ற சில்லறைகளையும் சேர்த்து 18,000 என்று கொள்வோம். மாதம் 1,500 ரூபாய். பெட்ரோல் இதில் சேரவில்லை என்பதை மறக்கலாகாது.

இந்த 1,500 ரூபாய் கார் ஓடினாலும் நின்றாலும் மாதந்தோறும் ஒதுக்கப்பட வேண்டும். மளிகைப் பணத்தோடு கலக்கலாகாது. இதனை வீட்டுத் தலைவியின் பொறுப்பில் விடுவது நலம் என்பது நம் கருத்து. காரோட்டிகளின் பாதுகாவலர் கிறிஸ்தோபர் மட்டுமே என்று பலர் எண்ணியிருக்கிறோம். 1925ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் காரோட்டிகளுக்குப் பாதுகாவலியாக அறிவித்தது உரோமை நகர்ப் புனித பிரான்செஸ்காவை. அவர் கன்னியர் மடத்தில் வளர்ந்தவர் அல்லர். கணவரோடு வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, பெரிய வீடொன்றை நிருவகித்து, பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு வாரி வழங்கியவர். இரவில் அவர் செல்லும் வழியில் வானதூதர் ஒளி காட்டினார் என்ற மரபுக் கதையினாலேயே அப்பொறுப்பு அவருக்கு வந்தது என்பர். வரவு செலவு அறிந்த ஒரு குடும்பத்தலைவியிடம் காரை ஒப்படைத்தது பொருத்தமே என்று நமக்குத் தோன்றுகிறது.

வாங்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. கையில் 2,00,000 ரூபாய் இருந்தால் 1,60,000-க்கு மேல் கார் பார்க்கவே கூடாது. மீதி 40,000 முதலாண்டுப் பழுதுகளுக்கானது. பழைய கார்களில் முதலாண்டே செலவு மிகுந்த ஆண்டு. முந்தையவர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் நம் தலையில் விடியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வயதான இரப்பர் கோடையில் வெடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய கார் மலிவாக வரும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும்; இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு இருக்கும்; தரைவிரிப்பைத் தூக்கினால் வாடை சொல்லிவிடும்.

காரின் வயதும் ஒரு செலவே. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். கார் ஓடத் தகுதியானதென்று சோதனையிலும் தேற வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. எனவே 13 ஆண்டுக் காரை மலிவென்று வாங்குபவர் இரண்டே ஆண்டில் இதற்குப் பணம் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: நாட்டை விட்டு விற்பனையை நிறுத்திக்கொண்ட கம்பெனிகளின் கார்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். செவர்லே 2017-இல் நின்றது. நமக்கு அண்டையிலேயே மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் அறிவித்து 2022-இல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தியது. நல்ல கார்கள் அவை. ஆயினும் வாங்குமுன் நம் மெக்கானிக்கிடம், "இதற்குச் சாமான் எங்கே வாங்குவீர்?" என்று கேட்டுவிட வேண்டும். புதுப்பேட்டைக்குப் போய்த் தேடவேண்டும் என்றால் அந்தப் பயணச் செலவும் காரின் விலையோடு சேர்ந்ததே. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால் பழைய கார்களில் சில இரப்பர்ப் பகுதிகளை முன்கூட்டியே மாற்ற நேரலாம். பெரிய செலவன்று, ஆனால் பெட்ரோல் கசிவை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.

பணம் குறைவாக இருக்கும்போது எதனை முதலில் செய்வது? பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்குகள்: இவை உயிரைச் சார்ந்தவை. இவற்றுக்குப் பணமில்லை என்றால் கார் அன்று ஓடக்கூடாது. பிள்ளைகளை ஏற்றவே கூடாது. அடுத்து, சிறிய செலவில் பெரிய செலவைத் தடுப்பவை. கூலன்ட் குழாய் சில நூறு ரூபாய். அது வெடித்து எஞ்சின் கொதித்துப்போனால் ஹெட் வேலை பதினாயிரங்களில் போய் நிற்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதனை உரிய கி.மீ.யில் மாற்றாமல் அது அறுந்தால் பல எஞ்சின்கள் அத்தோடு பாழாகும். கதவின் நசுங்கல், பெயின்ட், பாட்டுப்பெட்டி, ஏ.சி. எல்லாம் காத்திருக்கட்டும். நம்மவர்கள் இதனைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறோம். மொட்டை டயரோடு ஓடும் காரில் புதிய சீட் உறை பளபளக்கிறது. 2007ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயண மேய்ப்புப்பணி வழிகாட்டியில் காரோட்டிகளுக்குப் பத்துக் கட்டளைகள் உள்ளன. கார் அதிகாரத்தின் அடையாளமாகவோ பாவத்துக்கு வாய்ப்பாகவோ ஆகக்கூடாதென்பது அவற்றுள் ஐந்தாவது.

காப்பீட்டை விட்டுவிடும் வீடுகளும் உண்டு. பிடிபட்டால் முதன்முறை 2,000 ரூபாய் அபராதம் என்பது சிறிய விஷயம். வழியில் ஒருவர் நம் காரில் அடிபட்டு இறந்தால், அவர் குடும்பத்துக்குரிய இழப்பீடு நம் நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் வரும். அதைவிட, நம்மால் அநாதையான அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. 2,471 ரூபாயை மிச்சப்படுத்தி இந்த நிலைக்கு வருவது நீதியன்று.

மெக்கானிக்கைப் பற்றி ஒரு சொல். கம்பெனி சர்வீஸ் நிலையம் காஞ்சிபுரத்திலோ செங்கற்பட்டிலோ இருக்கும். நம் ஊர் ஷெட் அருகில் இருக்கும். பழைய காருக்கு நம்பகமான ஊர் மெக்கானிக்கே போதும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், பிரேக் போன்றவற்றுக்குப் பில்லோடு சாமான் வாங்கிக் கொடுப்பதும் தவறல்ல. போலிச் சாமான்கள் சந்தையில் உண்டு. ஆனால் சாமானுக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வெயிலில் காருக்கடியில் படுத்து எழுந்தவனின் கூலியில் இருநூறு ரூபாய் குறைப்பதும், "அடுத்த வாரம் தருகிறேன்" என்று மூன்று மாதம் இழுப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரம் நிறுத்தி வைத்த கூலியைப் பற்றிச் சொல்வது வயல் வேலைக்கு மட்டுமா?

தெருவில் ஒரே கார் என்றால் அது தெருவுக்கே ஆம்புலன்ஸ் ஆகிவிடும். பாம்புக்கடி, பிரசவம், நெஞ்சுவலி, எதுவாயினும் நள்ளிரவில் கதவு தட்டப்படும். செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தால் பெட்ரோலுக்குப் பணம் கொடுக்க முன்வருவார்கள். டயர் தேய்வுக்கு யாரும் கொடுப்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆபத்தில் உதவுவது கடமை. எனவே அந்த அறச்செலவும் மாதக் கணக்கில் இடம் பெற வேண்டும். ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று இரவல் கேட்பது வேறு. வாடகை வாங்கி ஓட்டுவதும் ஆகாது. சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. "அண்ணே, ஒரு நாளைக்குத்தானே" என்பவரிடம் மறுப்பது கடினந்தான். மறுக்கத்தான் வேண்டும்.

செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் மற்ற நாட்களில் அச்சிறுபாக்கம் மழைமலை மாதாவிடமும் புறப்படும் குடும்பங்கள், புறப்படும் நாள் காலையில் அல்ல, இரண்டு வாரம் முன்னரே காரை மெக்கானிக்கிடம் காட்டட்டும். அப்போதுதான் கண்ட குறைக்குப் பணமும் நேரமும் கிடைக்கும். ஸ்டெப்னியில் காற்றிருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு ஒரு யோசனை. காருக்கான பணத்தைச் சேர்த்துவரும்போதே, கார் ஏற்கெனவே வாசலில் நிற்பதாக எண்ணிக்கொண்டு மாதம் 1,500 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர்வைப்பில் தனியே கட்டிப் பாருங்கள். பள்ளிக் கட்டணம் வரும் ஜூனிலும், கிறிஸ்துமஸ் துணி எடுக்கும் டிசம்பரிலும் தவறாமல் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் ஓராண்டு பேருந்தும், அவசரத்துக்கு வாடகைக் காரும் போதும். முடிந்துவிட்டால், கார் வரும் நாளில் 18,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். நான்கு டயர்களுக்கும் ஒரு பாட்டரிக்கும் அது போதும்.