ஸ்னோபோர்டிங்குக்கு மேலுடை

ஸ்னோபோர்டிங்கில் முதலில் நனைவது இடுப்புக்குக் கீழ்ப்பகுதிதான். பலகையோடு பூட்ஸைப் பிணைக்கும் வார்களை இறுக்கப் பலரும் பனியிலேயே உட்கார்கிறார்கள். கற்றுக்கொள்பவர்கள் விழுந்தும் உட்கார்கிறார்கள். பணம் குறைவென்றால் ஜாக்கெட்டைவிடக் கால்சட்டைக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். ஆனால் கடையில் கண்ணைப் பறிப்பது ஜாக்கெட்தான்.

துணியின் நீர்த்தடுப்புத் திறனை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். துணிமேல் நிறுத்திய நீர்த்தூண் எந்த உயரத்தை எட்டும்போது கசியத் தொடங்குகிறது என்பதே அந்த எண். காஷ்மீரின் குல்மார்க்கில் நடுக்குளிர்காலத்து உலர்பனிக்கு 10,000 மி.மீ. பொதுவாகப் போதும், ஈரப்பனிக்கு 15,000 முதல் 20,000 வரை நல்லது. தையல் துளைகளை உட்புறம் நாடா ஒட்டி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் எவ்வளவு பெரிய எண்ணாலும் பயனில்லை.

வியர்வை வெளியேறாவிட்டால் உடல் உள்ளிருந்தே நனையும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியைக் கடத்துகிறது என்பது இதற்கான அளவு. அக்குளில் ஜிப் திறப்பு இருந்தால் இன்னும் வசதி. குல்மார்க்கின் ரோப்கார் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே வீசும் காற்றுக்குப் பஞ்சு திணித்த ஒரே கனமான கோட்டைவிட, தளர்வான மெல்லிய மேலுறையும் அதனுள் கம்பளி அடுக்குகளும் மேல். பருத்தி கூடவே கூடாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஹெல்மெட்டும் கண்ணாடியும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். விரல்கள் ஒன்றாயிருக்கும் கையுறை அதிகக் கதகதப்பு தரும். விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவு இவ்விளையாட்டில் சகஜம். மணிக்கட்டுக் காப்பை அணிந்தபடியே கையுறையைப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.