பணம் வரும்வரை அசல் பில் உங்களிடமே இருக்கட்டும்

கிருஷ்ணகிரி பெங்களூரா மாம்பழக் கூழ் 215 கிலோ டிரம்களில் அடைபட்டு வளைகுடா ஜூஸ் ஆலைகளுக்குப் போவது நெடுநாள் வழக்கம். உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் ஐக்கிய அரபு அமீரகம் இப்போது தன் மண்ணிலேயே பதப்படுத்தும் ஆலைகளைப் பெருக்குகிறது. 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்தியா-அமீரக வர்த்தக ஒப்பந்தத்தால் பல இந்தியப் பொருள்களுக்கு அங்கே வரிச்சலுகையும் உண்டு. அதற்குரிய பிறப்பிடச் சான்று சரக்கோடு போக வேண்டும். வாய்ப்பு மெய்தான். அதை நம்பிச் சரக்கைப் பறிகொடுப்பவர்களைப் பற்றித்தான் என் கவலை.

மோசடிகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். துபாய் முகவரி, டிரேட் லைசென்ஸ் நகல் எல்லாம் இருக்கும். முதலில் வாங்கும் சிறு சரக்குகளுக்குச் சொன்ன தேதியில் பணம் வந்துவிடும். பிறகு பெரிய ஆர்டர், பின்தேதியிட்ட செக். செக் திரும்பும்போது அலுவலகம் பூட்டியிருக்கும், சரக்கு கைமாறியிருக்கும். "அங்கே செக் திரும்பினால் ஜெயில்தான்" என்று நம்மவர்கள் இன்னும் தைரியமாக இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் சட்டம் மாறிவிட்டது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பியது என்பதற்காக மட்டும் பொதுவாக இப்போது சிறை இல்லை. அந்தச் செக்கோடு நேரே நீதிமன்ற நிறைவேற்றத்துக்குப் போகலாம். ஆனால் ஆளும் சொத்தும் அகப்பட வேண்டுமே!

உங்கள் பிடி, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில்தான் இருக்கிறது. வழக்கமாக மூன்று அசல் தருவார்கள். ஒன்றைக் கொடுத்தாலே சரக்கை விட்டுவிடுவார்கள். "டெமரேஜ் ஏறுகிறது, டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள்" என்று, அசல் பில் இல்லாமலே சரக்கை விடச் சொல்லி அவசரப்படுத்தினாலும் பணம் வராமல் இசையாதீர்கள். வாங்குபவர் பெயரில் வேண்டாம், உங்கள் ஆணைக்கு உட்பட்ட 'டூ ஆர்டர்' பில் போடச் சொல்லுங்கள். ஆவணங்களை வங்கி வழியே அனுப்புவதும் முழுக் காப்பு அல்ல. 2022இல் இத்தாலிக்கு முந்திரி அனுப்பிய வியட்நாம் நிறுவனங்கள் அப்படித்தான் அனுப்பின. 36 கன்டெய்னர்களின் அசல் ஆவணங்கள் மாயமாயின. தூதரகமும் காவல்துறையும் தலையிட்டுத்தான் சரக்கை மீட்க முடிந்தது. முன்பணமோ நல்ல வங்கியின் கடன் உறுதிக் கடிதமோ (எல்.சி.) கேளுங்கள்.

கடனுக்குத்தான் விற்க வேண்டுமென்றால், ஏற்றுமதிக் கடன் காப்பீடு தரும் இ.சி.ஜி.சி.யின் பாலிசி எடுத்து, அந்த வாங்குபவருக்குக் கடன் வரம்பு ஒப்புதல் பெற்ற பிறகே கன்டெய்னரை ஏற்றுங்கள். தவணை தவறியதை உரிய காலத்தில் தெரிவிக்காவிட்டால் கிளெய்ம் நிற்காமல் போகலாம். பணம் வராவிட்டால் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யிடம் வர்த்தகத் தகராறு புகார் பதியலாம், இந்தியத் தூதரக வணிகப் பிரிவுக்கும் எழுதலாம். இன்வாய்ஸ் முதல் வாட்ஸ்அப் உரையாடல் வரை எதையும் அழிக்காதீர்கள். சரக்கு இன்னும் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கிடந்தால், அன்றே கப்பல் நிறுவனத்துக்கு எழுதி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அசல்கள் உங்கள் கையில் இருந்தால் வேறொருவருக்கு விற்க இன்னும் வழி இருக்கிறது.